உயிரியல் துறைத் தலைவர்களுக்கும் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும்: மெடிக்கல் கோடிங் பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பவியல் துறைகளை நடத்தும் பேராசிரியர்களுக்கும், அக்கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

இறுதியாண்டு மாணவர்களின் ஆறாம் பருவம் தொடங்கியதும், உங்கள் கருத்தரங்கக் கூடத்தில் மெடிக்கல் கோடிங், அதாவது அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்துக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை, பற்றி ஒரு நிகழ்ச்சி நடப்பது பல கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. பேச வருபவர் பெரும்பாலும் ஏதோ ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் பிரதிநிதி. குளிரூட்டப்பட்ட அலுவலகங்களின் படங்களைக் காட்டி, அமெரிக்க மருத்துவத் துறையின் அளவைச் சொல்லி, நூறு சதவீத வேலை உறுதி என்று அவர் பேச்சை முடிக்கிறார். மாணவர்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுத்த தாள் அவருடன் போகிறது; அந்த வாரமே வீடுகளுக்கு அழைப்புகள் வரத் தொடங்குகின்றன. பி.எஸ்சி. முடித்த பிள்ளைக்கு முதுகலையும் பி.எட்.டும் தவிர வேறு வழி தெரியாத குடும்பங்கள், கல்லூரியே அழைத்து வந்த ஆள் என்ற நம்பிக்கையில், நகையை அடகு வைத்தாவது கட்டணத்தைக் கட்டிவிடுகின்றன.

நானும் விலங்கியல் பட்டதாரிதான். சென்னையில் கோடராகச் சேர்ந்து, இப்போது பிறர் போட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டராக வேலை செய்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடமும் எடுக்கிறேன். எனக்கும் என்னுடன் படித்த பலருக்கும் வாழ்க்கை தந்த தொழில் இது. ஆகவே மாணவர்கள் இதற்கு வர வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. இதற்கு அவர்களைத் தயார்செய்யத் தேவையானவற்றில் பெரும்பகுதி உங்கள் வகுப்பறையிலேயே இருக்கிறது. அதை நீங்களே கற்றுக்கொடுங்கள், வேலை எப்படிப்பட்டது என்பதையும் நீங்களே சொல்லுங்கள், அந்தப் பொறுப்பைப் பயிற்சி நிலையங்களிடம் விட்டுவிடாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் மருத்துவரைப் பார்த்தால், அந்தச் சிகிச்சைக்கான பணத்தின் பெரும்பகுதி காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ, 65 வயதை எட்டியவர்களுக்கான மெடிகேர் போன்ற அரசுத் திட்டத்திடமிருந்தோ வர வேண்டும். அதற்கு, நோயாளிக்கு என்ன நோய், மருத்துவர் என்ன செய்தார் என்ற இரண்டையும் குறியீடுகளாக எழுதி அனுப்ப வேண்டும். நோய்க்கான குறியீடு ஐ.சி.டி.-10-சி.எம்.; 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் இத்தொகுப்பில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குறியீடுகள் உள்ளன. மருத்துவர் செய்த பணிக்கான குறியீடு சி.பி.டி.; அதை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வெளியிட்டு வருகிறது. மருத்துவர் எழுதிய குறிப்பை, அதாவது சார்ட்டை, முழுமையாகப் படித்து இந்தக் குறியீடுகளைத் தேர்ந்தெடுப்பவர் கோடர். அதற்குப் பின் கோரிக்கைப் படிவத்தை அனுப்புவது, வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றுவது, மறுக்கப்பட்டவற்றைத் தொடர்ந்து கேட்டு வாங்குவது ஆகியவை பில்லிங் என்ற பிரிவில் அடங்கும். சென்னை, கோயம்புத்தூர், திருச்சி, சேலம் ஆகிய ஊர்களில் இரண்டு பிரிவுகளுக்கும் ஆள் எடுக்கிறார்கள்.

இதைத் தட்டச்சு வேலை என்றோ தரவுப் பதிவு என்றோ நினைப்பவர்கள் உங்களிலும் உண்டு. அந்த எண்ணத்தை மாற்ற ஒரு சார்ட்டை உங்கள் முன் வைக்கிறேன். எழுபது வயதுக்காரர், டைப் 2 சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், மூன்றாம் நிலை நாள்பட்ட சிறுநீரக நோய் என்று மருத்துவர் மூன்று வரிகளில் எழுதியிருக்கிறார், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார். புதிதாக வந்தவர் மூன்று நோய்க்கும் மூன்று தனித்தனிக் குறியீடுகளைத் தேடிப் போடுவார்: சிக்கலற்ற சர்க்கரை நோய்க்கு இ11.9, ரத்த அழுத்தத்துக்கு ஐ10, சிறுநீரகத்துக்கு என்18.30. முதல் இரண்டும் தவறு. சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் ஒரே நோயாளிக்கு இருந்தால், மருத்துவர் தொடர்பில்லை என்று எழுதாதவரை, ஒன்றால் மற்றொன்று வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று வழிகாட்டு விதி சொல்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் அதே விதிதான். ஆகவே சர்க்கரை நோயால் வந்த சிறுநீரக நோய்க்கு இ11.22, ரத்த அழுத்தத்தால் வந்ததற்கு ஐ12.9, அதன் நிலையைக் காட்ட என்18.30 என்று எழுதி, வாய்வழி மருந்து நீண்ட நாளாக எடுப்பதற்கு இசட்79.84 சேர்க்க வேண்டும். அதே சார்ட்டில் ஆய்வக அறிக்கை இருக்கிறது, அதில் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைப் பார்த்தால் நோய் மூன்றாம் நிலையின் எந்த உட்பிரிவில் இருக்கிறது என்று கோடருக்கே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் அந்த எண்ணை வைத்து 3ஏ என்றோ 3பி என்றோ முடிவுசெய்யக் கூடாது. அதை மருத்துவர்தான் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. மருத்துவர் "நிமோனியாவாக இருக்கலாம்" என்று எழுதினால் என்ன செய்வது? வெளிநோயாளி என்றால் நிமோனியாவுக்குக் குறியீடு போடக் கூடாது. இருமல், காய்ச்சல் என்று உறுதியாகத் தெரிந்த அறிகுறிகளை மட்டும் எழுத வேண்டும். உள்நோயாளியாகச் சேர்ந்து வீடு திரும்பும்போதும் மருத்துவர் அப்படியே எழுதியிருந்தால், அது நிமோனியா என்றே கொண்டு மருத்துவமனைக்கான குறியீட்டைப் போட வேண்டும். எலும்பு முறிவுக் குறியீடுகளின் ஏழாம் இடத்தில் வரும் ஏ என்ற எழுத்து முதல் வருகையைக் குறிக்கிறது என்று பயிற்சி நிலையத்தில் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். முறிவுக்கான நேரடிச் சிகிச்சை நடக்கும் வரை, எத்தனையாவது வருகையானாலும் எத்தனையாவது மருத்துவரானாலும் ஏ தான். குணமாகும் கட்டத்தில் வழக்கமாகப் பார்க்க வரும்போதுதான் டி. விதியைப் படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் இல்லாதவர் இந்த இடத்தில் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்.

இப்போது உங்கள் மாணவர்களைப் பற்றிச் சொல்கிறேன். என் பயிற்சி வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள், உழைக்கத் தயங்காதவர்கள். முன்கை எலும்புகள் ரேடியஸ், அல்னா என்று உடனே சொல்வார்கள். கட்டைவிரல் பக்கம் இருப்பது எது என்று கேட்டால் தங்கள் கையையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ரேடியஸின் டிஸ்டல் முனை, அதாவது உடலின் நடுப்பகுதியிலிருந்து தள்ளி இருக்கும் முனை, மணிக்கட்டில் இருக்கிறதா முழங்கையிலா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். மூன்றாண்டுகள் முதுகெலும்பிகளின் உடற்கூறு படித்தவர்களுக்கு இது தெரியாமல் போகக் காரணம் அவர்களிடம் அறிவு இல்லை என்பதல்ல. படித்த சொல்லைத் தன் உடம்பில் ஒருமுறைகூடச் சுட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தாவரவியல் மாணவர்களின் நிலை இன்னும் கடினம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அவர்கள் மனித உடலைப் பாடமாகத் தொட்டதே இல்லை. இருந்தும் அவர்களில் மிகச் சிறந்த கோடர்களைப் பார்த்திருக்கிறேன், ஏனெனில் வகைப்பாட்டியல் படித்தவர்களுக்கு ஒரு தொகுப்பின் பிரிவு, உட்பிரிவு, விலக்கு என்ற ஒழுங்கு எளிதில் பிடிபடுகிறது.

உடற்கூற்றை விடவும் பெரிய தடை ஆங்கில வாசிப்பு. பேச்சு ஆங்கிலத்துக்குத்தான் பயிற்சி நிலையங்கள் வகுப்பு நடத்துகின்றன. கோடருக்குத் தேவை, மருத்துவர் அவசரத்தில் சொல்லிப் பதிவான இரண்டு பக்க அறுவைச் சிகிச்சைக் குறிப்பைப் படித்து, எந்த உறுப்பில் எந்த வழியாக நுழைந்து எதை வெட்டினார், எதை வெட்ட நினைத்துக் கைவிட்டார் என்று புரிந்துகொள்வது. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களுக்கு இது முடியாத காரியம் அல்ல. நாளுக்கு ஒரு பக்கம் என்று ஆறு மாதம் படித்தால் பழகிவிடுகிறது. அந்த ஆறு மாதம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது கல்லூரியில். வேலையில் சேர்ந்த பிறகு, உற்பத்தி இலக்கு தலைமேல் நிற்கும்போது, அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை.

பயிற்சி நிலையங்களைப் பற்றி நேர்மையாகப் பேசுவோம். நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் நிலையங்கள் உண்டு. துறையில் பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள் சிறிய அறைகளில் இருபது பேரை உட்காரவைத்துச் சிரத்தையாக நடத்துகிறார்கள். என் வருத்தம் மற்றவர்களைப் பற்றியது. இருபதாயிரம், முப்பதாயிரம் என்று வாங்கிக்கொண்டு, இரண்டு மாதத்தில் குறியீட்டு எண்களை ஒப்பிக்க வைத்து, கடைசியில் எல்லாருக்கும் திறந்திருக்கும் நேர்முகத் தேர்வுக்கே அனுப்பிவிட்டு அதை "பிளேஸ்மென்ட்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மீதிக் கட்டணம் வரும்வரை அசல் சான்றிதழ்களைத் தங்களிடம் வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எங்களிடம் சேர வந்த ஒரு பெண், பட்டச் சான்றிதழை அப்படி ஒரு நிலையத்திடம் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பப் பெற முடியாததால் சேர வேண்டிய நாளைத் தவறவிட்டாள். அந்த நிலையத்தை அவளுக்கு அறிமுகப்படுத்தியது அவள் படித்த கல்லூரி.

உங்கள் கருத்தரங்கக் கூடத்தில் சொல்லப்படாத செய்தி இதுதான்: இத்துறையின் பல நிறுவனங்கள் எந்தச் சான்றிதழும் இல்லாத உயிரியல் பட்டதாரிகளை, ஓர் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் வைத்து எடுத்து, தாங்களே பயிற்சி கொடுக்கின்றன. ஆட்கள் அதிகம் தேவைப்படும் காலத்தில் அந்த வாய்ப்பு கூடும், மந்தமான ஆண்டில் குறையும், முற்றிலும் மூடியதில்லை. தேர்வில் கேட்பது உடற்கூறு, உடலியங்கியல், மருத்துவச் சொற்கள், கொஞ்சம் வாசிப்பு. நீங்கள் ஒரு பருவம் மனம் வைத்தால் உங்கள் மாணவர்கள் நேரடியாக அங்கே போய் உட்காரலாம்.

கோடர்களுக்கான சி.பி.சி. என்ற சான்றிதழைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. அதை வழங்குவது ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு, 1988இல் தொடங்கப்பட்டது. தேர்வில் 100 கேள்விகள், நான்கு மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். குறியீட்டுப் புத்தகங்களைத் திறந்துவைத்தே எழுதலாம், ஆகவே எண்களை மனப்பாடம் செய்வதால் பயன் மிகக் குறைவு. நான்கு மணி நேரத்தில் புத்தகத்தைச் சரியான இடத்தில் திறக்கத் தெரிய வேண்டும். அனுபவம் இல்லாமல் தேர்ச்சி பெற்றவரின் சான்றிதழில் சி.பி.சி.-ஏ என்று, பழகுநர் என்பதற்கான எழுத்து சேர்ந்தே வரும். கட்டணம் டாலரில், புத்தகங்களும் அப்படியே, அவை ஆண்டுதோறும் பழையதாகிவிடுகின்றன. சான்றிதழைத் தக்கவைக்க இரண்டாண்டுக்கு 36 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். இது மிக மதிப்புள்ள சான்றிதழ். ஓராண்டு வேலை பார்த்து, கையில் சம்பளம் வந்த பிறகு எழுதினால் பதவியும் ஊதியமும் உயரும். கல்லூரியை விட்டு வந்த மாதமே கடன் வாங்கி எழுதத்தான் வேண்டும் என்று ஒரு மாணவரிடம் சொல்வது நியாயமில்லை.

வேலைக்குச் சேர்ந்த பின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும் மாணவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டும். தொடக்கச் சம்பளம் சென்னையில் ஓர் அறையைப் பகிர்ந்து வாழ்ந்து வீட்டுக்குச் சிறிது அனுப்புமளவுக்குத்தான் இருக்கும்; பேச்சாளர் காட்டும் பெரிய தொகை ஐந்தாறு ஆண்டு அனுபவமும் சான்றிதழும் உள்ளவர்களுடையது. நாளுக்கு இத்தனை சார்ட் என்று இலக்கு உண்டு. ஆடிட்டில் துல்லியம் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் விளக்கம் கேட்பார்கள், தொடர்ந்து போனால் மறுபயிற்சி. நாள் முழுதும் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், முதுகும் கண்ணும் அதன் விலையைக் கேட்கும். கோடிங் பெரும்பாலும் பகல் வேலை. பில்லிங்கில், வராத பணத்தைத் தொலைபேசியில் தொடர்ந்து கேட்கும் ஏ.ஆர். காலர் என்ற பணிக்குச் சேர்பவர் அமெரிக்கக் காப்பீட்டு அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரத்தில் பேச வேண்டும், அதாவது இரவெல்லாம். கோடிங் என்று நம்பிப் போய் இரவுப் பணியில் சேர்ந்துவிட்டு, வீட்டில் சொல்ல முடியாமல் தவிக்கும் பெண்களை எனக்குத் தெரியும். பேச்சாற்றலும் இரவு விழிக்க உடல் வலுவும் உள்ளவர்களுக்கு அந்தப் பணியும் நல்ல பணிதான். ஒரு கோரிக்கை ஏன் மறுக்கப்பட்டது என்று துருவிக் கண்டுபிடித்து, மேல்முறையீட்டுக்கான காலக்கெடு முடிவதற்குள் பணத்தை மீட்பவர் நிறுவனத்துக்கு மிகத் தேவையானவர். தேர்ந்தெடுக்கும் முன் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே நான் கேட்பது.

படிப்பு இங்கே முடிவதில்லை என்பதையும் சொல்லுங்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று நோய்க் குறியீடுகள் மாறும், ஜனவரி 1 அன்று சி.பி.டி. மாறும். 2021இல் வெளிநோயாளர் சந்திப்புகளுக்கான விதிகள் ஒரே நாளில் புரண்டன: நோயாளியிடம் எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை உறுப்புகளைப் பரிசோதித்தார் என்று எண்ணிய முறை போய், மருத்துவ முடிவின் சிக்கலோ செலவிட்ட நேரமோ அளவுகோலானது, 99201 என்ற குறியீடே நீக்கப்பட்டது. பத்தாண்டு அனுபவமுள்ளவர்களும் அன்று புதிய மாணவர்களாக உட்கார்ந்தோம்.

அறத்தைப் பற்றியும் ஒரு சொல். செய்யாததைச் செய்ததாகவோ, சிறிய நோயைப் பெரியதாகவோ குறியீடு போட்டால் அது அமெரிக்க அரசின் பணத்தைப் பொய்க் கணக்கில் வாங்குவதாகும். 1863இல் உள்நாட்டுப் போரின்போது இயற்றிய பொய்க் கோரிக்கைச் சட்டம் இன்றும் அதற்குப் பாய்கிறது. நோயாளியைப் பற்றிய எந்தத் தகவலும் அனுமதியின்றி வெளியே போகக் கூடாது என்பது 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம். நம் ஊரில் உட்கார்ந்து முகம் தெரியாத ஒருவருடைய நோயை நாள்தோறும் படிக்கிறோம். இல்லாத நோய் ஒன்றை அவர் பெயரில் ஏற்றிவிட்டால் அது அவருடைய மருத்துவப் பதிவில் நின்றுவிடும். இதை உணர்ந்த மாணவரைத்தான் நான் என் குழுவில் விரும்புவேன். இந்த உணர்வை ஊட்ட ஆசிரியர்களை விடத் தகுந்தவர் எவருமில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இந்த வேலை நிலைக்குமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். மார்பு எக்ஸ்ரே போன்ற ஒரே மாதிரியான எளிய சார்ட்டுகளை மென்பொருளே குறியிடத் தொடங்கிவிட்டது. முன்பு புதியவர்களைப் பழக்குவதற்குக் கொடுத்த வேலை அதுதான் என்பதால், பாதிப்பு முதலில் அவர்களுக்கே. மனிதரிடம் வருவது மென்பொருள் முடிவெடுக்க முடியாமல் ஒதுக்கியவையும், அது போட்டதைச் சரிபார்க்கும் வேலையும். அதற்கு, சார்ட்டைப் படித்து இது சரியில்லை என்று காரணத்துடன் சொல்லத் தெரிய வேண்டும். எண்களை ஒப்பிக்கும் இரண்டு மாதப் பயிற்சிக்கு இனி இடம் சுருங்கும் என்பது என் கணிப்பு. உடற்கூறும் நோயியலும் ஆழமாகத் தெரிந்தவருக்கு இடம் இருக்கும். அவருக்கு வெளிநாடுகளிலும் வழி உண்டு: ஐக்கிய அரபு அமீரகத்தின் மருத்துவமனைகள் இதே ஐ.சி.டி.-10-சி.எம்., சி.பி.டி. முறையைத்தான் பயன்படுத்துகின்றன, சவுதி அரேபியாவில் ஆஸ்திரேலிய வழியிலான ஐ.சி.டி.-10-ஏ.எம். கற்க வேண்டியிருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள்களை வைக்கிறேன். ஐந்தாம் பருவத்திலாவது, பாடத்திட்டத்தில் இடமிருந்தால் விருப்பப் பாடமாக, இல்லாவிட்டால் மாலை வகுப்பாக, மனித உடற்கூறும் மருத்துவச் சொற்களும் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் மாணவர் தன் உடம்பில் தொட்டுக் காட்ட வேண்டும். உங்கள் ஆங்கிலத் துறையுடன் பேசி, வாரம் இரண்டு மாதிரி மருத்துவக் குறிப்புகளைப் படிக்க வையுங்கள். ஐ.சி.டி.-10-சி.எம். குறியீட்டுப் பட்டியலும் வழிகாட்டு விதிகளும் அமெரிக்க அரசின் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினி ஆய்வகத்தில் அவற்றைத் திறந்துவைத்தால் நூறு பக்கத்தைத் தாண்டும் அந்த விதித்தொகுப்பை ஒரு பருவத்தில் நிதானமாக வாசித்துவிடலாம். சி.பி.டி. உரிமை பெற்ற நூல் என்பதால் அதை வேலைக்குப் பின் பார்த்துக்கொள்ளட்டும்.

பயிற்சி நிலையத்தவரை அழைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அழைத்தால், கட்டணம் எவ்வளவு, திருப்பித் தரும் விதி என்ன, சென்ற ஆண்டு உங்கள் கல்லூரியிலிருந்து சேர்ந்தவர்களில் யார் எந்த நிறுவனத்தில் என்ன பணியில் இருக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ் கேட்கும் நிலையத்துக்கு உங்கள் வளாகத்தில் இடம் தராதீர்கள். மாணவர்களின் கைப்பேசி எண்களை எவரிடமும் கொடுக்காதீர்கள்; வேண்டுமானால் நிலையத்தின் எண்ணை மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். அந்தப் பேச்சாளருக்குப் பக்கத்திலேயே, இத்துறையில் இரண்டாண்டு முடித்த உங்கள் முன்னாள் மாணவர்கள் இருவரையும், பகலில் கோடிங் செய்பவர் ஒருவர், இரவில் ஏ.ஆர். காலராக இருப்பவர் ஒருவர் என, உட்காரவையுங்கள். சம்பளத்தையும் சிரமத்தையும் அவர்கள் மாணவர்களிடம் மறைக்க மாட்டார்கள்.

எந்தக் கல்லூரி அழைத்தாலும் சனிக்கிழமைகளில் வந்து பாடம் எடுக்க நானும் என்னுடன் வேலை செய்யும் சிலரும் அணியமாக இருக்கிறோம். கட்டணம் வேண்டாம். உண்மையான நோயாளியின் சார்ட்டை வெளியே காட்ட எங்களுக்கு உரிமையில்லை என்பதால், நாங்களே எழுதிய மாதிரிச் சார்ட்டுகளைக் கொண்டுவருவோம். உங்கள் தரப்பில் ஒரு வகுப்பறை வேண்டும், மாணவர்களுடன் துறை ஆசிரியர் ஒருவரும் கடைசிவரை உட்கார வேண்டும். ஏனெனில் அடுத்த வாரம் அந்த வகுப்பைத் தொடர்ந்து நடத்தப் போகிறவர் அவர்தான்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவர்களுடன் வேலை செய்யும் ஒரு மெடிக்கல் கோடிங் ஆடிட்டர்,
சென்னை